காம்பிராவுக்குள்ளிருந்து எழுந்த எழுத்து: தெளிவத்தை ஜோசப்பும் இடம்பெயர்ந்த நமது வாழ்வும்

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் உத்தியோகத்தர்கள் வந்து கேட்கும் கேள்விகள் இப்போது நம் எல்லோருக்கும் மனப்பாடம். வீட்டில் எத்தனை பேர்? எத்தனை ஏக்கர் இருந்தது? பத்திரம் இருக்கிறதா? அடையாள அட்டை இருக்கிறதா? இவை தேவையான கேள்விகள்தாம். நிவாரணமும் காணியும் வீடும் இவற்றுக்கான பதில்களைக் கொண்டே வருகின்றன. ஆனால் நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள், எதை நல்லது என்று நினைத்தீர்கள், எதற்காக அழுதீர்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதற்கு இடம் வைத்திருப்பது பாட்டும் கதையும்தான்.

"சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் கதை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஊவா மலைகளிலேயே ஒருவர் தமது வாழ்நாள் முழுவதையும் இதற்குப் பதிலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். படைப்பு, அறம், விசுவாசம், குடிமை வாழ்வு என்ற நான்கையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பேசுவது நமது வழக்கம். அவருடைய எழுத்தில் அவை ஒரே காம்பிராவில் குடியிருந்தன.

தோட்டத்துப் பெயரைச் சுமந்தவர்

பதுளைக்கு அருகே ஹாலிஎலைப் பகுதியில் உள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி ஜோசப் பிறந்தார். தகப்பனார் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். பிள்ளையின் முதற் பள்ளிக்கூடமும் அதுவே. பின்னர் தமிழ்நாட்டில் கும்பகோணத்தில் மூன்று ஆண்டுகள் படித்துத் திரும்பி, பதுளை புனித பேதா கல்லூரியில் கல்வியைத் தொடர்ந்தார். தோட்டத்து உத்தியோகத்துக்குப் போனார். தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தமது பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்காலத்தில் நாலெழுத்துப் படித்தவர்கள் பலர் தாம் தோட்டத்துக்காரர் என்பதை மறைக்கவே விரும்பினார்கள். நகரத்திலும் பள்ளிக்கூடத்திலும் 'தோட்டத்தான்' என்ற சொல் ஏளனச் சொல்லாக இருந்தது. ஏளனத்துக்குரியதாக மற்றவர்கள் கருதிய இடத்தின் பெயரை அவர் தமது முகவரியாக்கினார். பிற்காலத்தில் கொழும்பில் வேலை பார்த்து வாழ்ந்தபோதும் அந்தப் பெயரை விடவில்லை.

அவரது முதல் நாவல் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதி 1979இல் வெளியாகி, இலங்கை சாகித்திய விருதைப் பெற்றது. 'மலையகச் சிறுகதை வரலாறு' 2000இல் வந்தது. கொழும்பில் சந்தேகத்தின் பேரில் கைதாகும் ஒரு தமிழரின் கதையைச் சொல்லும் 'குடை நிழல்' நாவல் 2010இல் வந்தது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, 88ஆவது வயதில், காலமானார்.

தம் பெயருக்காக மட்டும் எழுதியவர் அல்லர் அவர். 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரு தொகுதிகளில், பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த மற்றவர்களின் கதைகளைத் தேடிச் சேர்த்தார். 1997இல் துரைவி பதிப்பகம் அவற்றை வெளியிட்டது. தோட்டங்களில் பழைய காகிதம் நீண்ட நாள் தங்குவதில்லை. மழையும் கறையானும் அடுப்பும் அதை எடுத்துக்கொள்ளும். அப்படி அழியவிருந்ததைக் காப்பாற்றித் தருவதும் படைப்பு வேலைதான்.

வாக்குப் பறிபோன பின் மிஞ்சியது

இந்த எழுத்து எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் 7 இடங்களை வென்றது. அவ்வாறு தலவாக்கலையில் வென்றவர்களில் ஒருவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மறுவருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. சி.வி.யைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாமற் போனார்கள்.

சி.வி. பேனாவைக் கீழே வைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதினார். தமிழில் நாவல்கள் எழுதினார்; அவற்றுள் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. கொழுந்து பறிக்கும் பெண்களும் தாலாட்டும் தாய்மாரும் பாடிய பாடல்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுதியைத் தந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கிடப்பட்ட மக்களிடம் எவ்வளவு படைப்பாற்றல் இருந்தது என்பதற்கு அந்தத் தொகுதி சாட்சி.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் அந்த 150,000 பேரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அரிசி மூட்டையைப் பங்கிடுவதுபோல மனிதர் பங்கிடப்பட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று மக்களே பெயர் வைத்தார்கள். ஒப்பந்தத்தின் இத்தனை இலக்கங்களும் சொல்லாததை இந்த இரண்டு சொற்கள் சொல்லிவிடுகின்றன. அதை எந்தப் புலவர் ஆக்கினார்? யாரோ ஒரு தாய், பிளாட்பாரத்தில் நின்று சொல்லியிருப்பாள். படைப்பு அங்கேதான் பிறக்கிறது.

எஞ்சியிருந்த நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடங்கள். அந்த நீண்ட காலத்தில் இம்மக்கள் இந்த மண்ணின் மனிதர்கள் என்பதற்கு அரசாங்கப் பதிவேடு சாட்சி சொல்லவில்லை. 'தோட்ட மஞ்சரி' போன்ற பத்திரிகைப் பகுதிகளும் வீரகேசரியின் சிறுகதைப் போட்டிகளும் அவற்றில் எழுதிய இளைஞர்களும் சாட்சி சொன்னார்கள். கதை எழுதுவதும் குடிமைக் கடமைதான் என்று நாம் சொல்வது இதனாலேயே.

அறத்துக்கும் ஒரு சுவர் வேண்டும்

தெளிவத்தை ஜோசப்பின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்று 'மீன்கள்'. லயத்துக் காம்பிராவின் இட நெருக்கடி பற்றியது அது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துறங்க நேர்வது ஒரு குடும்பத்தின் மானத்தை எப்படிச் சிதைக்கிறது என்பதை அது ஒளிக்காமல் பேசுகிறது. லயத்துக் காம்பிரா என்றால் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. சமையலும் படுக்கையும் பிரசவமும் மரணமும் அதற்குள்தான்.

தோட்டத்து மக்களுக்கு ஒழுக்கம் போதாது என்று பேசுவது வெளியிலிருந்து வருபவர்களுக்கு எளிது. ஆலயத்தில் நின்று பிரசங்கம் செய்வதும் எளிது. 'மீன்கள்' படித்தவர் அப்படிப் பேசத் தயங்குவார். கூச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சுவர் வேண்டும். சுவர் கட்ட ஒரு துண்டுக் காணி வேண்டும். காணி கேட்கச் சட்டத்தின் முன் பெயர் வேண்டும். அறம் மனதுக்குள் மட்டும் நடக்கும் காரியம் என்ற எண்ணம் இங்கே கேள்விக்குள்ளாகிறது. முகாம் கூடாரங்களில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி வயது வந்த மகளைக் காத்த தாய்மாருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் துரைமார் மீது போட்டுவிட்டு நம்மைத் தூயவர்களாகக் காட்டும் வழியை அவர் எடுக்கவில்லை. கங்காணியின் அகங்காரம், கணக்கப்பிள்ளையின் அதட்டல், படித்தவரின் ஒதுங்கல், தொழிலாளரின் குடிப்பழக்கம், சாதிப் பேச்சு ஆகிய யாவும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. அவரோ தோட்டத்து உத்தியோகத்தர் வரிசையில் இருந்தவர். தாம் நின்ற வரிசையையும் சேர்த்தே விசாரித்தார். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. நமக்குள் நாமே இழைக்கும் அநீதியைச் சொல்லும் கடமையும் உண்டு. முதலாவதை மட்டும் சொல்பவரின் பேச்சை உலகம் கொஞ்ச நாளில் நம்புவதை நிறுத்திவிடும்.

ஜெபத்திலிருந்து வந்த தலைப்பு

ஜோசப் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய நாவல் ஒன்றின் தலைப்பு 'நாங்கள் பாவிகளாக இருக்கிறோம்'. செபமாலை சொல்லி வளர்ந்த காதுக்கு இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று உடனே தெரியும். அதிலுள்ள 'நாங்கள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாவி என்று விரலை நீட்டுவதற்குப் பதிலாகத் தன்னையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. விசுவாசம் எழுத்துக்குக் கொடுக்கக்கூடிய நல்ல கொடைகளில் இது ஒன்று என்று நாம் நினைக்கிறோம். பிரசாரம் இல்லாமல், பிற சமயத்தவரும் தயக்கமின்றிப் படிக்கும் விதமாக, விசுவாசம் எழுத்தின் அடிநீராக ஓட முடியும்.

ஊவாவில் விசுவாசம் இப்படி வெளியே இறங்கி நடந்த வேறு சிலரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக வந்தவர் லியோ நாணாயக்கார ஆண்டகை. அதற்குமுன் கண்டியில் ஆயராக இருந்தவர். வசதிகள் குறைந்த மறைமாவட்டத்தைத் தேர்ந்து, கிராமத்து ஏழைகளிடமும் தோட்டத்து மக்களிடமும் திருச்சபை கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு உழைத்தார்.

அவரோடு சேர்ந்து பணியாற்றியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கேல் றொட்றிகோ. பெரிய கல்விமான்; கவிதையும் எழுதியவர். 1980இல் கீழ் ஊவாவில் புத்தளைக்கு அருகே பௌத்த விவசாயக் கிராமமொன்றில் 'சுப செத் கெதர' என்ற சிறு இல்லத்தை அமைத்து அம்மக்களுடன் வாழ்ந்தார். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. அந்த விவசாயிகளின் காணி, கடன், பயிர் பற்றிய துயரங்களைக் கேட்டு அவற்றை எழுதினார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி அந்த இல்லத்தில் திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவரை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊவாவில் நிலத்தை இழந்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். 1818 கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வெல்லஸ்ஸவின் வயல்களும் குளங்களும் அழிக்கப்பட்டன. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. சிங்கள விவசாயி தன் மேட்டு நிலத்தை இழந்த அதே மலையில், தமிழ்த் தொழிலாளி காணியே இல்லாமல் கூலிக்கு அமர்த்தப்பட்டான். இருவருக்கும் தம் கதை தெரியும். மற்றவர் கதை தெரியாது. 1977இலும் 1983இலும் தோட்டங்களில் தீ வைக்கப்பட்டபோது இந்த அறியாமை எவ்வளவு விலை உயர்ந்தது என்று கண்டோம். அயலவரின் கதையைக் கேட்பதும் விசுவாசத்தின் ஒரு செயல்தான்.

மண் சரியும்போது

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்த உதவின. கொழுந்துக் கூடை தூக்கிய கைகள் காடு வெட்டி, கிணறு தோண்டி, நெல்லும் மிளகாயும் விளைவித்தன. போர் அவர்களை மீண்டும் மீண்டும் கிளப்பியது. 2009இல் பலர் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களில் எத்தனை கிணறுகளின் கதை இருக்கிறது! அவற்றில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது?

பின் தங்கியவர்களுக்கும் மண் உறுதியாக இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் தொகை முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, பிறகு பெருமளவு குறைக்கப்பட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, அங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதே முதலில் தெளிவாகத் தெரியவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் புதிய வீடுகளுக்காக 2016 வரை காத்திருந்தன. 2025 நவம்பரில் 'டித்வா' புயலோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகத் தாக்குண்டது.

மண்ணுக்குள் போனவர்களின் பெயர் முதலில் யார் நினைவில் இருந்தது? பக்கத்துக் காம்பிராக்காரியின் நினைவில். இன்னாருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள், கடைக்குட்டி பாட்டியோடு இருந்தான் என்று சொல்லக்கூடியவள் அவள்தான். அந்த நினைவு எழுத்துக்கு வந்தால் அது சாட்சியம். வராவிட்டால் அவளோடு போய்விடும்.

எழுத ஆரம்பிப்போம்

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூத மக்களிடம் ஆலயமும் இல்லை, அரசனும் இல்லை, நிலமும் இல்லை. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும்தான் அவர்கள் தம் முன்னோரின் கதைகளையும் பெயர் வரிசைகளையும் புலம்பல்களையும் தொகுத்தார்கள் என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். நாம் கையில் எடுத்துப் படிக்கும் வேதப் புத்தகத்தின் பெரும்பகுதி, இடம்பெயர்ந்த மக்களின் கையெழுத்துப் பிரதி. இடம்பெயர்ந்தவர்களுக்குக் கதை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

எல்லோரும் ஜோசப்பைப்போல் நாவல் எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி வாங்கலாம். முதற் பக்கத்தில் பாட்டன் பூட்டன் பெயர்கள், பிறந்த ஊர், தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம். அடுத்து, விட்டு வந்த காணியின் எல்லைகள், அங்கிருந்த கிணறு, மரங்கள், அயலவர் பெயர்கள். காணிப் பிணக்கு வரும்போது இந்த விவரங்கள் உங்கள் ஞாபகத்துக்கு உதவும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் இலக்கங்களையும் எழுதி, பிரதி ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

பிறகு, கதைப் பக்கங்கள். பாட்டி பாடும் தாலாட்டை அவர் பாடும் விதத்திலேயே, அவர் பேசும் சொல்லிலேயே பிள்ளைகள் எழுதட்டும். 'பெரட்டு', 'காம்பிரா', 'கோச்சி' என்ற சொற்களைத் திருத்த வேண்டாம். அவை கொச்சை அல்ல, நமது வரலாறு. மாதம் ஒரு முறை வாசிகசாலையிலோ ஆலய மண்டபத்திலோ கோயில் முற்றத்திலோ கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் கேளுங்கள்.

மூன்று ஒழுங்குகளை மட்டும் கடைப்பிடிப்போம். நடந்ததைக் கூட்டியும் குறைத்தும் எழுத வேண்டாம். நிவாரணத்துக்காகப் பெருக்கிய கதை, உண்மையான துயரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். மற்றவரின் துயரை, குறிப்பாகப் பெண்களுக்கும் சிறுவருக்கும் நேர்ந்ததை, அவர்களின் சம்மதமின்றிப் பெயரோடு எழுத வேண்டாம். நமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றி எழுதும்போது, ஆபத்து வேளையில் கதவைத் திறந்த அயலவரையும் மறவாமல் எழுதுவோம்.

காணியைப் பெறுவதற்கு நாம் இன்னும் பல வாசல்களில் நிற்க வேண்டியிருக்கும். பத்திரத்துக்கும் நிற்க வேண்டியிருக்கும். கொப்பியைத் திறப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

குழுக்களில் கலந்துரையாட

1. நமது குடும்பம் எத்தனை முறை இடம்பெயர்ந்தது? ஒவ்வொரு முறையும் எதை எடுத்துச் சென்றோம், எதை விட்டு வந்தோம்?

2. நமது ஊரில் ஒழுக்கக் குறைவு என்று பேசப்படும் எந்தக் காரியத்துக்குப் பின்னால் வீடோ காணியோ தண்ணீரோ இல்லாத நிலை இருக்கிறது?

3. நமக்குள் நாமே இழைத்துக்கொள்ளும் அநீதி எது? அதைப் பற்றிப் பேச நாம் ஏன் தயங்குகிறோம்?

4. நமது அயலில் வேறு மொழி பேசும், வேறு சமயத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் நிலத்தை இழந்த கதையை நாம் கேட்டதுண்டா?

5. நமது ஊரில் அறுபது வயதைக் கடந்தவர்கள் யார் யார்? அடுத்த மாதத்துக்குள் அவர்களில் யாருடைய கதையை, யார் எழுதப் போகிறோம்?